தலைப்பாகை கட்டச் சொன்னவன்

எட்மண்டன், லண்டன்
கார்த்திகை 1986

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கட முழங்கால் நோவு குறைஞ்சிருக்கும் எண்டு நம்புறன். எனக்குச் சுகம்.

இத்தனை வருஷம் கிளாரினெட் வாசிச்ச ஜாஸ் குழுவை விட்டிட்டன். சனிக்கிழமை பப்பில, சனத்துக்கு முன்னால, குழுத் தலைவன் றெஜி ஒரு தலைப்பாகையை நீட்டினான்.

"இதைக் கட்டிக்கொண்டு பாம்பாட்டி மாதிரி வாசி, எல்லாரும் சிரிப்பினம்."

"நீயே கட்டிக்கொண்டு ஆடு" எண்டு சொல்லி, கிளாரினெட்டைக் கழட்டிப் பெட்டியில வைச்சு இறங்கி வந்திட்டன். அவன் பகிடிக்குத்தான் சொன்னவன், கவலைப்படாதேங்கோ.

குழுவை விட்டிட்டன் எண்டு சந்தோஷமும் படாதேங்கோ. "குழல் ஊதி" எண்டு சொந்தக்காரருக்கு முன்னால என்னைப் பாத்துச் சிரிச்சது நீங்களும்தான். நீங்கள் சொல்லுற எக்கவுண்டன்ற் வேலைக்குப் போகமாட்டன். வேற குழு தேடுறன்.

இங்க வாற ஆரிட்டையாவது மிளகாய்த்தூள் குடுத்துவிடுங்கோ. தனிய இருந்து சாப்பிட ஒண்டும் ருசிக்குதில்லை.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்கள் பதில் எழுதாட்டிலும் பரவாயில்லை. அம்மாவை எழுத விடுங்கோ.

மகன்,
கணேசலிங்கம்