மகளைப் புகுந்த வீட்டில் விட வரும் கமாண்டரைத் தாங்கள் விருந்துக்கு அழைக்கக் கோருதல்

அனுப்புநர்
பக்த் ஜமால், த/பெ. ஷாதி குல்,
பஞ்சர் கடை, ஸ்பீன் வர்சக் கிராமம்,
வடக்கு வஜீரிஸ்தான்.

பெறுநர்
அரசியல் முகவர் மற்றும் நிர்வாக அதிகாரி அவர்கள்,
மீரான்ஷா.

பொருள்: அழையா விருந்தாளியால் என் மகள் புகுந்த வீடு போக இயலாதது – பரிகாரம் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைப்பவன். எந்த ஆயுத இயக்கத்திலும் இல்லை. இயக்கக் கமாண்டர் தோர் வலி அவர்களின் வண்டிக்கு ஒரே ஒருமுறை பின்சக்கரம் ஒட்டிக் கொடுத்தேன். அன்றுமுதல் அவர் என்னை நண்பராகக் கருதி வருகிறார்.

2. எங்கள் தலைக்கு மேல் ஆளில்லா விமானம் நாள் முழுதும் ரீங்கரிப்பதைத் தாங்கள் அறிவீர்கள். நாங்கள் அதைக் குளவி என்போம். அது கமாண்டரைத் தேடுகிறது. சென்ற கோடையில் அவருடைய துணைத் தலைவர் ஒரு வீட்டில் மதிய உணவுக்கு அமர்ந்தார். பரிமாறிய இருவரையும் அவருடனேயே அடக்கம் செய்தோம். ஆகவே, கமாண்டர் டீக்கடைக்குள் நுழைந்தால் அங்கிருக்கும் அனைவருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. பள்ளிவாசலில் அவர் நிற்கும் வரிசையில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

3. சென்ற வெள்ளிக்கிழமை என் மகள் ஜர்மீனாவின் நிக்காஹ். கமாண்டரை நான் அழைக்கவில்லை. முந்தைய நாள் அவரே ஆள் விட்டு, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "ஜமால் லாலா, வேலை மும்முரத்துல என்னைக் கூப்பிட மறந்திருப்பீங்க. பரவால்ல, நான் வந்துடறேன்." வருகிறேன் என்பவரை வராதே என்று சொல்வது எங்கள் குலத்தில் இல்லை. என் மனைவியோ, "அவரு தட்டுல மட்டும் விழறதுக்குக் குண்டு என்ன கறித்துண்டா?" என்று கேட்டாள். பெண்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

4. அவருடைய வண்டிப் புழுதி தூரத்தில் தெரிந்ததும் மௌலவி செருப்பை மாட்டிக்கொண்டு, நின்றபடியே ஓதினார். மணமகன், கேட்பதற்கு முன்பே மூன்று முறை சம்மதம் சொல்லிவிட்டு மதில் ஏறிக் குதித்தார். சம்பந்தி "வயிறு சரியில்ல" என்றார். நூற்றைம்பது பேருக்கும் அதே உபாதை கண்டது.

5. இரண்டு ஆட்டுப் புலாவின் முன் கமாண்டரும் நானும் மட்டும் அமர்ந்தோம். குளவி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிதானமாக உண்டார். "நாலு மாசமா யாரும் என்கூட உக்காந்து சாப்பிடல, லாலா. நீங்க ஒருத்தர்தான் மனுஷன்" என்று கண் கலங்கினார். என் கால்கள் எழ மறுத்ததே காரணம் என்பதை நான் தெரிவிக்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது, காரணம் வேறு.

6. இப்போது சம்பந்தி வீட்டார் பெண்ணை அழைத்துப்போக மறுக்கிறார்கள். "பொண்ணு பின்னாடியே சீர் மாதிரி அவரும் வந்துட்டா?" என்கிறார்கள். இது கமாண்டரின் காதுக்கும் எட்டிவிட்டது. எனக்காகக் கொதித்துப்போய், "வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணை என் வண்டியிலயே கொண்டுபோய் விடறேன். எவன் மறுப்பான்னு பாப்போம்!" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

7. ஐயா, என் மகளுக்கு வயது பத்தொன்பது. அந்த வண்டியில் மணமகள் யார், கமாண்டர் யார் என்பது மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

ஆதலால், வரும் வெள்ளிக்கிழமை, 22ஆம் தேதி பகல் பதினொரு மணிக்குத் தாங்கள் அவரைப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் தங்கள் அலுவலகத்துக்கு விருந்துக்கு அழைத்து, மாலை வரை விடாமல் உபசரிக்குமாறு மன்றாடுகிறேன். அதற்குள் நான் மகளை வேறு வண்டியில் புகுந்த வீட்டில் விட்டுவிடுவேன். கூப்பிட்டால் நிச்சயம் வருவார்; பாவம், அவரை யாரும் கூப்பிடுவதில்லை. புலாவ் என் பொறுப்பு. அலுவலர்களுக்கு அன்று விடுமுறை அளித்துவிடுவது நலம்.

நாள்: 17.10.2010
இடம்: ஸ்பீன் வர்சக்

தங்கள் கருணையை நம்பி,
பக்த் ஜமால்
(பெருவிரல் ரேகை)