நிறம் சேராத பல்

நேற்று பல் டாக்டரிடம் போயிருந்தேன். பற்கூச்சம் தாங்கவில்லை. ஃப்ளோரைடு ஜெல்லை எடுத்துக்கொண்டு வந்த டாக்டரம்மா, "பல்லு மேல கேப் ஏதாவது போட்டிருக்கீங்களா? பீங்கான் கேப்னா இந்தப் புளிப்பு ஜெல் ஆகாது, அதோட பளபளப்பு போயிடும். வேற இருக்கு" என்றார். அந்த ஜெல்லின் ஆரஞ்சு மிட்டாய் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னிடம் ஒருத்தராவது இதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக இருந்தது.

திருவொற்றியூரில் நம் தெரு அடிபம்பின் கைப்பிடி எகிறி உன் முன்பல்லை உடைத்த அன்றுகூட, வாயில் ரத்தத்தோடு, பல் வரிசை போய்விட்டதே என்றுதான் நீ கத்தினாய். பிறகு கேப் போடப் போனோம். டாக்டர் நிறம் பார்க்க மாதிரிப் பற்களை நீட்டினார். நாம் வண்ணாரப்பேட்டைக் கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் வேலைக்கு நின்றவர்கள். கடை வாசல் வெளிச்சத்தில் பார்க்காமல் எந்தப் புடவைக்கும் நீ மேட்சிங் சொன்னதில்லை. அங்கேயும் மாதிரிப் பல்லை உதட்டோரம் வைத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாய். "டியூப்லைட்டு ஏமாத்தும்டி. இங்க பாத்து சொல்லு, ஒட்டிகினு கீதா?" டாக்டர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கேப் அச்சு அசலாக அமைந்தது. அதன்பின் பழகிய யாருக்கும் எது கட்டின பல் என்று தெரியாது. நீ சிரித்தால் கல்லாவில் இருக்கும் முதலாளி எட்டிப் பார்ப்பார். அந்தச் சிரிப்புக்கு நீ எங்கேயும் கூச்சப்பட்டதில்லை.

உன் மகளுக்கு மாத்தூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் காட்டுப்பள்ளியில் வேலை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பார்லரில் பல்லை வெளுப்பாக்கப் போனாய். கேப் இருப்பதைச் சொல்லிவிடு என்றேன். "நான் பாத்த மேட்சிங்குடி. முடிஞ்சா கண்டுபிடிக்கட்டும்" என்றாய். மற்ற பற்கள் எல்லாம் வெளுத்தன. கேப் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றது. ஓடிப்போய் டாக்டரிடம் கேட்டோம். வெளுப்பு மருந்துக்குப் பீங்கான் மசியாது, பற்களின் நிறம் நிலைக்கக் கொஞ்ச நாள் போகட்டும், பிறகு அதற்கேற்ப புது கேப் போடலாம் என்றார்.

கல்யாணம் முழுக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டே நின்றாய். "சம்மந்தியம்மாவுக்கு சிரிப்பே வராதா?" என்று அவர்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் என்னிடமே கேட்டாள். உன்னைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி.

கொஞ்ச நாளில் புது கேப்புக்குப் போனபோதுதான் நாக்கடியில் இருந்த புண்ணை டாக்டர் பார்த்தார். புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் எச்சில் வற்றிப்போனது. பற்கள் சொத்தையாகாமல் இருக்கத் தினமும் தடவச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஜெல் கொடுத்தார்கள். அதே ஆரஞ்சு வாசனை. அது பற்களைக் காத்தது, கேப்பை அரித்தது. "நாக்கு பட்டா சொரசொரன்னு கீதுடி. பாக்கவும் கலீஜா கீது" என்றாய். குடித்த டீயெல்லாம் அதில் கறையாக ஏறியது. பிறகு ஜெல்லை மாற்றினார்கள், ஆனால் போன பளபளப்பு திரும்பவில்லை. புண் ஆறட்டும், புது கேப் பிறகு என்றார்கள். கஞ்சிகூட இறங்காத நாளிலும் நீ அதையேதான் சொன்னாய்: "இந்த பேஜாரு முடியட்டும். புதுசு போட்டுகினு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்." புண் ஆறவே இல்லை.

நீ போன பிறகு, மாட்டி வைக்கப் படம் தேடினோம். கல்யாண ஆல்பத்தில் எல்லாவற்றிலும் வாய் மூடியிருந்தது. ஒன்றே ஒன்றில், யாரோ பாயசத்தைக் கொட்டியதைப் பார்த்து உன்னை மறந்து சிரித்துவிட்டிருந்தாய். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு பல்ல மட்டும் வெள்ளையாக்கிடவா?" என்று கேட்டார்.

"வேணாண்ணா. எங்கம்மா அப்படித்தான் இருந்தாங்க" என்றாள் உன் மகள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "உங்கம்மாவுக்கு அது புடிக்கலடி! நீ வெள்ளையாக்குப்பா" என்றேன். இரண்டு முறை தட்டினார், நிறம் சேர்ந்துவிட்டது. கடை என்றும் பார்க்காமல் நாங்கள் இருவரும் அழுதோம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, என்ன வரிசையான பல், என்ன சிரிப்பு என்கிறார்கள். அப்போது உன் மகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.