படிக்கட்டில் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷின் வந்து இறங்கி ஐந்து நாள் ஆகிறது. இன்னும் பொருத்த ஆள் வரவில்லை. அட்டைப்பெட்டிக்குள் அது பாட்டுக்குக் கூடத்தில் நிற்கிறது. அக்கா அதன்மேல் செய்தித்தாளும் வெங்காயக் கூடையும் வைக்கத் தொடங்கிவிட்டாள். இன்று பத்து மணிக்கு வருவோம் என்றதால் அரைநாள் விடுப்புப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் வீட்டில் இல்லாததால் வேலை தள்ளிவைக்கப்பட்டதாம்! வாசலையே பார்த்துக் கண் பூத்துப் போனதுதான் மிச்சம்.

பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளன் நான். இரண்டு நிமிடம் பிந்தி வரும் ஓட்டுநரையே விடமாட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிக்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

கம்பெனிக்கு நான்கு முறை போன். நான்கு பேரிடம் நான்கு தடவை முதலிலிருந்து கதை சொன்னேன். நாளை காலை நிச்சயமாம்.

மார்ச் 7, வெள்ளி

அக்காவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டு. ஆறு வாரம்.

மெஷின்காரர் காலை எட்டரைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஒன்பது இருபதுக்கு நான் டிப்போவில் இருந்தாக வேண்டும். வேலை முடிந்ததும் சொல்ல வேண்டிய நான்கு இலக்க எண்ணைக் கம்பெனி என் போனுக்கு அனுப்பியிருந்தது. அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மதியம் அக்கா துணி போட்டு ஓட்டியிருக்கிறாள். மெஷின் குதித்துக் குதித்து நகர்ந்து குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அறை முழுக்கத் தண்ணீர். அணைக்க ஓடியவள் வழுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்க, மெஷினின் முதுகில் நான்கு போல்ட் முடுக்கியிருப்பார்கள். கழற்றாமல் ஓட்டவே கூடாது. அந்த மனிதர் இரண்டைத்தான் கழற்றியிருக்கிறார்.

புகார் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு போல்ட்டைக் கழற்றவில்லை, ஓட்டிக் காட்டவில்லை, எண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வரிகூடப் பொய்யில்லை.

மார்ச் 8, சனி

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நேற்று சாயங்காலம், மெஷின்காரர் வந்து கதவைத் தட்டினாராம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கையில் பெரிய ஸ்பானர் இருந்ததாம்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "போல்ட் இறுகியிருக்கு, சாயங்காலம் வந்து கழட்டுறேன், அதுவரைக்கும் ஓட்டாதீங்கன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனேங்கிறார். சொன்னாரா சார்?"

அக்கா எதிரே உட்கார்ந்து இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

சொன்னார். இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை. சொன்னார்! நான் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன், பின்னாலேயே வந்து சொன்னார். அக்கா குளிக்கப் போயிட்டாங்க, அவங்ககிட்டயும் மறக்காம சொல்லிடுங்க சார்னு சொன்னார். சரி சரின்னேன். அந்த எண்ணைக்கூட அவர் கேட்கலை. இன்னொரு தடவை இந்தக் கம்பெனியோட மல்லுக்கட்ட முடியாதுன்னு நானாத்தான் சொன்னேன். டிப்போ போனதும் அக்காவுக்குப் போன் பண்ணணும்னு நினைச்சேன் — மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்றதுல என்ன? ஏன் வாயில வரலை?

மார்ச் 11, செவ்வாய்

ஓர் ஓட்டுநர் இருபது நிமிடம் தாமதம். எழுதுவதற்குமுன் அவர் தரப்பைக் கேட்பது என் வழக்கம். இருபத்திரண்டு வருடமாக எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வதும் அதைத்தான். இன்று பேனா ஓடவில்லை. போங்க என்று அனுப்பிவிட்டேன். அவர் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மார்ச் 13, வியாழன்

கம்பெனியின் மன்னிப்புக் கடிதம் வந்தது. சம்பந்தப்பட்டவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்களாம். அக்கா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"நல்லா வேணும்" என்றாள். பிறகு, பார்த்தால் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார் என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா ஒற்றைக் கையால் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நழுவி விழுந்தது. எடுத்துக்கொடுக்கக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், போனில் "இல்லைங்க" என்றது உட்பட. சின்ன வயதில் எதை உடைத்தாலும் பூனைமேல் பழி போடுவேனாம். அப்போதாவது பூனை என்றாள். பிறகு குரல் மாறிவிட்டது.

"என் கை உடைஞ்சது உன்னாலன்னு தெரிஞ்சா என்ன பண்ணியிருப்பேன்? ரெண்டு நாள் திட்டியிருப்பேன். அந்தத் திட்டுக்குப் பயந்தா ஒரு மனுஷன் வேலையப் பறிச்ச?"



மார்ச் 17, திங்கள்

கம்பெனி அலுவலகத்துக்கு நேரில் போனேன். அதே பெண். போனில் நான் "இல்லைங்க" என்றது பதிவில் இருக்கிறதே என்றாள். ஆமாம், அது பொய் என்றேன். அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னாள். நடந்ததை வரிசையாக எழுதி, பொய் சொன்னேன் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெஷின்காரரின் போன் எண் கேட்டேன். தரமுடியாது என்றுவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்

பதில் இல்லை. வேறு ஆளை அனுப்பட்டுமா என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். துணியை நான் துவைக்கிறேன். நான் பிழிவது போதாதென்று இடது கையால் எடுத்து உதறிக் காட்டுகிறாள். வாயைத் திறப்பதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மெஷினை இறக்கிய வேன் ஓட்டுநரைத் தேடிப்பிடித்து, அவர் மூலம் மெஷின்காரரின் எண்ணை வாங்கினேன். இன்று காலை அக்காவை வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். நான் யார் என்று சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"தெரியும் சார். நீங்க எழுதிக் கொடுத்தப்புறம் கூப்பிட்டாங்க. திரும்ப வரச் சொன்னாங்க. நான் போகல."

ஏன் என்று கேட்டேன்.

"பதினோரு வருஷம் அங்க இருந்தேன் சார். நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல."

இப்போது ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் இருக்கிறாராம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமாம். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அக்காவுக்குக் கை இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

அக்கா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, விரல் அசைகிறது என்றெல்லாம் சொன்னாள். கடை எங்கே, வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தாள். நடுவில் எதற்கோ சிரித்தாள். பத்து நிமிடம் இருக்கும். இந்த மூன்று வாரத்தில் என்னிடம் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.