மூன்று முறை என் கையெழுத்து

மார்ச் 12

இன்று மட்டும் இருபத்தாறு லாரி. புகை வழக்கில் எங்கள் லாரிக் கம்பெனி மாட்டிக்கொண்டதிலிருந்து இதே பிழைப்பு. ஊரிலுள்ள ஒரு டன் லாரிகளையெல்லாம் வரவழைத்து, இஞ்சினின் கணினியில் புது மென்பொருள் ஏற்று என்று அரசு உத்தரவு. ஏற்றுகிறோம். புகை குறைகிறது. அமைச்சருக்கு மூச்சு நன்றாக வருமாயிருக்கும். எனக்குத்தான் முதுகு போய்விட்டது.

மாலையில் முட்டை லாரிக்காரி பியோன் ஒக்நாம் வந்தாள். போன வாரம்தான் அவள் வண்டிக்கு மென்பொருள் ஏற்றினேன்.

“தம்பி, இறக்கத்துல வர்றப்ப இஞ்சின் பொசுக்குன்னு நின்னுடுது. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுது.”

ஒர்க்‌ஷாப் பின்னால் உள்ள சமதளச் சாலையில் இரண்டு சுற்று ஓட்டினேன். ஒன்றுமில்லை. ‘குறை மீண்டும் வரவில்லை’ என்று பதிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 29

ஒக்நாம் இரண்டாம் முறை. மீண்டும் வரவில்லை. கையெழுத்து.

ஏப்ரல் 17

மூன்றாம் முறை. சாவியை நீட்டினேன், வாங்க மறுத்தாள். “லோடை இறக்கி வச்சிட்டுதான் வண்டியை உள்ள விடணும்ங்கிறீங்க. காலி வண்டியைத் தரையில ஓட்டிட்டு ஒண்ணுமில்லைங்கிறீங்க. முட்டையை ஏத்திக்கிட்டு எங்க தெரு இறக்கத்துல எறங்கிப் பாருடா, ஆம்பளையா இருந்தா!”

நானும் வாயை அடக்கவில்லை. “அக்கா, உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னா லாரி என்ன பண்ணும்?” என்றேன்.

முப்பது முட்டைத் தட்டு ஒன்றை அப்படியே என் மேசைமேல் கவிழ்த்து அடித்தாள். சட்டை, கணினி, ரசீது, எல்லாம் மஞ்சள். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன், போர்மேன் மா ஜொங்பால் அண்ணன் குறுக்கே வந்துவிட்டார். “லோடோட ஓட்டிப் பார்க்கணுமா அண்ணே?” என்று அவரிடம் கேட்டது உண்மை. “ஒரு லாரிக்கு இருபது நிமிஷம்தான்டா குடுத்திருக்கான். கையெழுத்தைப் போட்டு அனுப்பு” என்றார்.

போட்டேன்.

மே 9

ஒக்நாமின் லாரி இறக்கத்தில் நிற்காமல் வந்து, கீழே சாவி வெட்டுபவரின் பெட்டிக்கடையை நசுக்கிவிட்டது. உள்ளே அவர் இருந்தார். பெயர் சிம். அறுபத்திரண்டு வயது. செய்தியில் காட்டினார்கள். தகரம் காகிதம் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. சாலை முழுக்க முட்டைக் கூழும் இரத்தமும் ஒன்றாய்க் கலந்து ஓடுகிறது.

மே 11

ஒக்நாமுக்கு இடுப்பு உடைந்திருக்கிறது. மருத்துவமனைக் கட்டில், வாசலில் போலீஸ். பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லையாம். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்த கிழவி என்கிறார்கள்.

கம்பெனி காவல்துறைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது: வாகனம் மூன்று முறை முறைப்படி சோதிக்கப்பட்டது, குறை ஏதும் இல்லை. மூன்று தாளிலும் யார் கையெழுத்து? என் கையெழுத்துடா, என் கையெழுத்து!

உடை மாற்றும் அறையில் இரும்பு அலமாரியைக் குத்தினேன். விரல் முட்டி இரண்டு கிழிந்தது. அலமாரிக்கு ஒன்றுமில்லை.

மே 12

ஞாயிறு. நான் மென்பொருள் ஏற்றிய வேறொருவரின் லாரியைக் கேட்டு வாங்கி, பின்னால் சிமெண்ட் மூட்டை அடுக்கி, ஒக்நாமின் தெருவுக்கு ஓட்டிப் போனேன். முதல் மூன்று தடவை ஒன்றுமில்லை. நாலாவது தடவை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இஞ்சின் செத்தது. புகையைக் குறைக்க, புது மென்பொருள் அதை இஞ்சினுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. பாரம் தள்ளும் இறக்கத்தில் அது மூச்சுத் திணறிப் போகிறது. முதல் மிதிக்கு பிரேக் கேட்டது. அடுத்த மிதி கருங்கல்; இஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் விசையும் நின்றுவிடும். கைப்பிரேக்கை முழுப் பலத்தில் இழுத்துக் குப்பைத்தொட்டிமேல் மோதி நின்றேன்.

அவள் சொன்னது அப்படியே. ஒரு எழுத்து மாறவில்லை.

மே 17

வெள்ளி. அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். ஆனால் முதலில் ஜொங்பால் அண்ணனிடம் சொன்னேன். இருபத்து மூன்று வயதில் என்னைக் கைப்பிடித்து இந்த வேலையில் சேர்த்தவர். அவருக்குத் தெரியாமல் மேலே போவது அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டை விற்பது போல.

மதுக்கடைக்குக் கூட்டிப் போய் அவரே ஊற்றினார். மூத்தவர் முன் குடிப்பதால் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தேன். எல்லாம் சொன்னேன். எந்தத் தெரு, எத்தனை மூட்டை, எல்லாம்.

“திங்கக்கிழமை வரைக்கும் பொறுடா. மேல நானே பேசுறேன். நம்ம வீட்டு அசிங்கத்தை நாமளே கழுவிக்கலாம்.”

சரி என்றேன்.

மே 20

முட்டாள். முட்டாள். முட்டாள்.

சனிக்கிழமையே தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள், ‘விசாரணைக்கு உதவ’. அங்கே நிற்கும் ஒக்நாமின் லாரியில் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். இனி அதில் எதுவும் கிடைக்காது. ஒர்க்‌ஷாப் கணினியில் என் கடவுச்சொல் திறக்கவில்லை.

முகத்தைத் திருப்பிக் குடித்தேனே, அந்த நேரம் அவர் என்ன முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ?

மே 21

ஜொங்பால் அண்ணனை அடித்துவிட்டேன். எல்லோர் முன்னாலும். “உன் ஒருத்தனால அறுநூறு குடும்பம் தெருவுக்கு வரணுமாடா? செத்தது ஒரு ஆளு!” என்றார். அந்தக் கடைசி வார்த்தை முடிவதற்குள் என் முழங்கை அவர் வாயில். முன்பல் ஒன்று டயர் பக்கம் தெறித்தது.

பிறகு நான்கு பேர் என்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். இரும்பு முனை வைத்த பூட்ஸ். பதினெட்டு வருடமாக என்னோடு ஒரே பாத்திரத்தில் கரண்டி போட்டுச் சாப்பிட்டவர்கள். “காட்டிக்குடுக்கிற நாய்” என்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு தரம் சொன்னார்கள். விலா எலும்பு இரண்டு. கண் திறக்கவில்லை. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அவர் பல் போனதில் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.

மே 23

வேலை நீக்கக் கடிதம். அடிதடி வழக்கும் என்மேல். மிதித்த நால்வரும் சாட்சி!

மே 28

அமைச்சகத்தின் வாகனக் குறை விசாரணை அலுவலகம். ஆய்வாளர் யோம் என்ற பெண். முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் வாய் கத்தி.

“நீங்க போர்மேனை அடிச்சது இருபத்தொண்ணாந் தேதி. புகார் குடுக்கிறது இருபத்தெட்டு. வேலை போன ரவுடி பழி வாங்குறான்னு கம்பெனி சொல்லும். ஒரு வாரம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா சார்?”

வந்திருக்கலாம். மூத்தவரிடம் உத்தரவு கேட்கப் போனேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் பேனாவை மேசையில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“இன்னொண்ணும் சொல்லிடறேன். இதுல நீங்க எழுதியிருக்கிறது புகார் மட்டும் இல்லை, வாக்குமூலம். குறையைச் சொன்னாங்க, சரியா பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு எழுதியிருக்கீங்க. ஆள் செத்திருக்கு. முதல் கேஸ் உங்க மேலதான் வரும்.”

“நான் கையெழுத்துப் போடலைன்னா?”

“அந்தம்மா ஜெயிலுக்குப் போவாங்க.”

நாலாவது முறையாகக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லப் பிடிக்கவில்லை, பயந்துகொண்டுதான் போட்டேன்.

ஜூன் 13

அரசாங்கம் சோதித்துவிட்டது. எங்கே? கூடத்துக்குள்ளே, சக்கரத்தைச் சுழலவிடும் உருளை மேலே, காலி லாரியை. முடிவு: ‘குறை மீண்டும் வரவில்லை.’ அட படுபாவிகளா, என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறார்கள்!

யோமைத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினேன். “லோடை ஏத்துங்க மேடம்! இறக்கத்துக்கு வாங்க! ஆபீஸ்ல உக்காந்து ஓட்டினா மலை எங்கேருந்து வரும்?”

“கத்தாதீங்க. எனக்குக் காது கேக்குது. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, வர்றேன். எந்த மலை?”

ஜூன் 16

கட்டுப் போட்ட கையால் எழுதுகிறேன்.

கல்குவாரி மலை. அவள் ஏற்பாடு செய்த லாரி, நான் ஆள் வைத்து அடுக்கிய ஒரு டன் மணல் மூட்டை. பக்கத்து இருக்கையில் அவள், கேமராவோடு. “எறங்குங்க மேடம், செத்துப்போவீங்க” என்றேன். “பார்க்காம கையெழுத்துப் போடறது உங்க பழக்கம் சார், எனக்கில்லை” என்றாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சரியாகத்தான் அறைந்தாள்.

ஆறு தடவை இறங்கினோம். ஒன்றுமில்லை. ஏழாவது தடவை மூன்றாம் வளைவில் இஞ்சின் செத்தது. இஞ்சின் நின்றால் கொஞ்சம் தள்ளி மெல்ல நிறுத்தத்தான் திட்டம்; லாரி கேட்கவில்லை. இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றேன். “பிடிங்க! பிடிங்க!” என்று அவள் அலறினாள். “பிடிச்சிட்டுத்தான்டீ இருக்கேன்!” என்று நானும் அலறினேன். ஸ்டியரிங்கை மார்பால் தள்ளித் திருப்பி மலைச் சரிவில் மோதினேன். கண்ணாடி மழையாய்க் கொட்டியது. என் காறை எலும்பு உடைந்தது. அவள் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் இரத்தம்.

மூக்கைப் பொத்திக்கொண்டு முதலில் கேமராவைத்தான் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. “வந்துடுச்சு” என்றாள். பிறகுதான் வாந்தி எடுத்தாள்.

ஆகஸ்ட் 2

லாரிகளை மறுபடி வரவழைக்கும் உத்தரவு. இந்த முறை புகைக்காக அல்ல, உயிருக்காக. நாற்பத்தோராயிரம் லாரி.

ஆகஸ்ட் 19

ஒக்நாம் மேல் வழக்கு கைவிடப்பட்டது. என்மேல் பதிவானது. சிம்மின் மகன் காவல் நிலைய வாசலிலேயே என்னைப் பிடித்து வயிற்றில் இரண்டு குத்து. போலீஸ்காரன் மெதுவாகத்தான் வந்து விலக்கினான். நான் கை ஓங்கவில்லை. என் வாழ்நாளில் இது முதல் தடவை.

அக்டோபர் 17

பத்து மாதம் சிறை. ஜொங்பால் அண்ணன் சாட்சிக் கூண்டில், லோடு பற்றி யாரும் தன்னிடம் கேட்டதே இல்லை என்றார். புதுப்பல் பளிச்சென்று இருந்தது.

நவம்பர் 8

சந்திக்க ஆள் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். யோம் என்று நினைத்துப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்நாம், கைத்தடியோடு. விபத்துக்குப் பிறகு நாங்கள் நேரில் பார்ப்பது இப்போதுதான்.

பத்து நிமிடம்தான் தருவார்கள். எட்டு நிமிடம் கைத்தடியின் பிடியையே தேய்த்துக்கொண்டிருந்தாள். திட்ட வந்திருக்கிறாள், திட்டட்டும் என்று தலையைக் குனிந்திருந்தேன்.

“நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன் தம்பி. ரெண்டு காலாலயும் மிதிச்சேன். கட்டில்ல கெடந்து எத்தனை பேர்கிட்ட சொன்னேன் தெரியுமா? என் பொண்ணுகூட, ‘நல்லா யோசிச்சுப் பாரும்மா’ன்னா. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கேஸை விட்டுட்டாங்க. ஆனா அந்த மனுசனை நான்தான் கொன்னேனோன்னு...”

“நீங்க பிரேக்கைத்தான் மிதிச்சீங்க அக்கா. நானும் மிதிச்சேன். நிக்காது.”

மணி அடித்துவிட்டது. காவலர் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. “இன்னொரு தரம் சொல்லு” என்றாள்.

சொன்னேன்.