குங்குமம் வைத்த பேட்டரி

22 அக்டோபர் 1936, வியாழன்

சேலத்தில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, வைக்கோல் மெத்தையில், மாட்டு வண்டியில் திருச்செங்கோடு வந்து சேர்ந்தது. பஸ் என்னுடையது, அதன் உயிர் வருவது மாட்டு வண்டியில். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எடப்பாடி சின்னுசாமி வருகிறார். "ஓடாத பஸ்காரனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். ஓடும். ஓடியே ஆக வேண்டும். எனக்கும் முப்பது தாண்டிவிட்டது.

24, சனி. ஆயுத பூஜை

அம்மா மண்வெட்டி, அரிவாளோடு பேட்டரியையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்! பிளஸ் குமிழில் சேலத்து மெக்கானிக் வைத்த சிவப்புச் சாயம் போயே போச்சு. இருந்த ஒரே அடையாளம் அதுதான். இப்போது இரண்டு குமிழும் ஒரே மாதிரி பளபளக்கின்றன. இரண்டிலும் குங்குமம் வேறு.

"ஏம்மா ரெண்டுக்கும் வெச்சே?"

"ஒண்ணுக்கு வெச்சு ஒண்ண உட்டா நல்லாவா இருக்கும், சாமி?"

பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் ஒயர் எரியும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். மறுபடி சேலம் போய்வர நேரமில்லை.

25, ஞாயிறு காலை

மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டாயிற்று. நானா? நானேதான். பேட்டரியை அம்மன் முன்னால் வைத்தோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம்; பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் வலது குமிழ் பிளஸ்.

சிவப்பு வந்தது. கும்பிட்டுத் திரும்பும்போது பூசாரி பொன்னன் கேட்டான்: "யாரோட வலதுங்க? அம்மன் நம்மளப் பாத்தில்ல உக்காந்திருக்குது? அதுக்கு வலது நமக்கு எடதுங்க."

தெருவே ஆமாம் என்றது. இடது குமிழைப் பிளஸ் ஆக்கிவிட்டேன்.

அதே நாள், மாலை

இஞ்சின் கிளம்பியது. தேங்காய் உடைத்தார்கள். வேகம் கூட்டினேன் — டைனமோ பக்கம் குபுகுபுவென்று புகை. அம்மன் இறங்கிவிட்டாள் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஒயரைப் பிடுங்கினேன். சின்னுசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பெண்ணும் வந்திருந்தாள், வசந்தாமணி. வழக்கமில்லைதான், பஸ்ஸைப் பார்க்க வந்தாளாம், என்னை அல்ல. "உப்புத் தண்ணியில ரெண்டு ஒயரையும் தள்ளித் தள்ளி உடுங்க. எதுல நொரை நெறையா வருதோ அது மைனஸுங்க. பள்ளிக்கூடத்துல பாத்திருக்கறேன்" என்றாள்.

மண்சட்டியில் விட்டுப் பார்த்தோம். பொன்னன் பிளஸ் என்ற பக்கம்தான் பொங்கியது.

போய்விட்டார்கள். மானம் போனது. அவளைப் பிடித்தும் போயிற்று — இதை எங்கே போய்ச் சொல்ல?

29, வியாழன்

தரகர் வந்தார். சின்னுசாமி சொன்னாராம்: "கோயில் வாக்கு தப்புன்னு ஊர் முன்னால உப்புக் கரைச்சுக் காட்டிப்போட்டா. இனி எவன் ஊட்டுல இவள எடுப்பாங்க? அவனுக்கே கட்டி வெச்சுரலாம்."

அம்மாவுக்கும் சம்மதம். "அம்மன் சரியாத்தான் சொன்னா. பொன்னந்தான் பக்கத்த மாத்திப்போட்டான்" என்கிறாள்.

நான் கொல்லைப்புறம் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

3 மார்ச் 1937

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேட்டரி சேலம் போனது. நாங்களும் போனோம். வண்டி குலுங்கக் குலுங்க, சாயவிடாமல் அவளே அதை மடியோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அஸ்தம்பட்டியில் இறங்கிப் பார்த்தால், ஆசிட் பட்டுக் குமாரபாளையத்துப் புதுச்சேலை ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

அழுவாள் என்று நினைத்தேன். "அடுத்த தடவ உங்க வேட்டியில வெச்சுக்கங்க" என்றாள்.

"சரிங்க" என்றேன்.