தகரம் வேர்த்த டிசம்பர்

10 டிசம்பர் 1958, புதன்
நல்ல பனி. விடியலில் கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்கத் துளிகள். படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று பக்கத்துத் துளியோடு சேர்ந்து, கனத்து, என் மூக்கின் மேல் விழுந்தது. அழகுதான். பீரோவுக்குப் பின்னால் சுவரில் பச்சையும் கறுப்புமாய்ப் பூசணம். அது அழகில்லை.

மகள் செல்விக்கு இளைப்பு. ஆறு வயசு நெஞ்சுக்குள் விசில். ஈரமில்லாத வீடு வேண்டுமாம், டாக்டர் சொல்கிறார். ஆட்டையாம்பட்டியிலிருந்து மைத்துனன் 21ஆம் தேதி வந்து அழைத்துப் போவானாம், வெயில் காலம் வரைக்கும். மனைவி ஆரோக்கியம் சரி என்றுவிட்டாள். எனக்கு மனசே இல்லை.

வாங்க: சுண்ணாம்பு, கோணிச்சாக்கு 2, ஆணி.

11 வியாழன்
பூசணத்தின் மேலேயே வெள்ளையடித்தேன். சுவரின் காற்றுத் துளைகளைச் சாக்கால் அடைத்தாயிற்று. இனி ஒரு பொட்டுப் பனி உள்ளே வராது.

கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முளைக்கப் போட்ட கேழ்வரகுத் தட்டுகள் ஒன்பதும் கட்டிலடியில். ஈரத்துணி மூடி, மூன்று வேளை தண்ணீர். பெத்லகேம் புல்வெளி வருஷா வருஷம் என் பொறுப்பு. கடையில் துணி கிழிக்கும்போதும் அதே நினைப்பு, சின்ன ஆடுகள் மேய்வதாக. மூன்று கஜம் கேட்ட அம்மாளுக்கு நாலு கிழித்துவிட்டேன். முதலாளியிடம் திட்டு.

14 ஞாயிறு
பூசை. திரும்பி வந்து பார்த்தால் புது வெள்ளையில் பூசணம். துளிகளும் முன்னைவிட அதிகம். செல்வி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். ஓட்டை தேடக் கொத்தனார் மாரப்பனை அழைத்துவந்தேன்.

"ஓட்டையே இல்லீங்க. தண்ணி வெளிய இருந்து வரலீங்க. உங்க மூச்சு, சோத்து ஆவி, எல்லாம் போக வழியில்லாம சில்லுன்னு கெடக்கற தகரத்துல முட்டி வேர்க்குது." கட்டிலடியில் குனிந்தார். "ஏனுங்க, ஊட்டுக்குள்ள நாத்தங்காலா உட்டிருக்கீங்க?"

ஆரோக்கியம் சிரிக்கவில்லை. பிள்ளையின் இளைப்பை அதிகமாக்கியது நான்தான். பெரிய பக்திமான்! வெட்கமாக இருக்கிறது.

17 புதன்
தகரத்தின் மேல் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோலும் கீற்றும். "போர்வை போத்தியாச்சுங்க, இனித் தகரம் சில்லிடாது," என்றார் மாரப்பன். சாக்கைப் பிடுங்கி, சுவரைச் சுரண்டி, தட்டுகளை முற்றத்துக்கு மாற்றினேன். நாலு தட்டு பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு விருந்து. பெத்லகேமில் இந்த வருஷம் பஞ்சம். கோயில் சாமியாரிடம் சொல்ல வேண்டும்.

19 வெள்ளி
பனி கொட்டியது. ஸ்டூல் மேல் ஏறித் தகரத்தைத் தடவினேன். கை காய்ந்தே இருந்தது. மறுபடி தடவினேன்.

"கூரையக் கொஞ்சுனது போதும், எறங்குங்க. காப்பி ஆறுது," ஆரோக்கியம்.

செல்விக்கு விசில் இருக்கிறது. கொஞ்சம் குறைச்சல். நாளன்றைக்குப் பயணம்.

21 ஞாயிறு
மத்தியானம் மைத்துனன் வந்தான். செல்வியின் பெட்டி வாசலில் தயார். சாப்பிட்டுப் படுத்த செல்வியை எழுப்பப் போனேன். சத்தமே இல்லை. மாசக்கணக்கில் கேட்டுப் பழகிய விசில் இல்லை. மூக்கடியில் விரலை வைத்தேன்.

வெதுவெதுவென்று மூச்சு. சீராக.

ஆரோக்கியம் வந்து, பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு மைத்துனன்.

"நான் மட்டும் போயிட்டு வாரனுங்க மாமா," என்று பெட்டியை எடுத்து உள்ளே வைத்தான்.