அம்மாவின் சேலை நிறம்

புரட்டாசி 12, ஞாயிறு

நாளைக்கு அம்மாவுக்குத் திதி. படைக்கிற சேலை அம்மா கட்டிய நிறத்திலேயே இருக்கட்டும் என்றாள் தங்கச்சி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அம்மாவின் படமென்று இருக்கிற ஒரே ஸ்லைடு ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சேலை, தென்னை, வானம் எல்லாமே வெளிறிய ரோஸ். விருந்தாளிகளையெல்லாம் பிடித்து உட்காரவைத்து, புரொஜெக்டரில் காட்டிக் காட்டி நானே வெளுக்க வைத்திருக்கிறேன். பெரிய தியேட்டர் முதலாளி!

"ஏனுங்ணா, சேல என்ன நெறமுங்க?"

இத்தனை தடவை காட்டியவனுக்கு ஞாபகமில்லை. அம்மாவின் சிரிப்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

"கிளிப்பச்சை, கண்ணு" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன்.

உடனே டவுனுக்குப் போய் வாங்கி வந்துவிட்டாள். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். படைத்து முடித்ததும் அதைத்தான் கட்டிக்கொள்வாளாம்.